குட்டை முடியில் ஹைலைட்ஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

நீளமான முடியில் ஹைலைட்ஸ் போடும்போது, அதாவது அங்கங்கே சில இழைகளை மட்டும் வெளுக்கும்போது, ஒரு கோடு கோணலாகப் போனால் அதன் மேல் விழும் முடி மறைத்துவிடும், பின்னல் போட்டால் கண்ணிலேயே படாது. தாடை அளவு பாப் கட்டிலும், அதைவிடக் குட்டையான பிக்ஸியிலும் மறைக்க இடமே இல்லை. காதுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தப்பாக வெளுத்தாலும் எதிரே உட்கார்ந்து பேசுபவரின் கண் நேராக அங்கேதான் போகும். அதனால்தான் தப்பாகிவிட்டது என்று தெரிந்ததும் பலர் பதறிப்போய் உடனே இன்னொரு கிண்ணம் ப்ளீச் கலக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சென்னையில் பார்லர் நடத்தும் இத்தனை வருடத்தில் திருத்தச் சொல்லி என்னிடம் வந்த தலைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் தப்பைவிட, அதைச் சரிசெய்ய அவசரமாகப் போட்ட இரண்டாவது ப்ளீச்தான் பெரிய சேதத்தைச் செய்திருக்கும்.

இன்னொன்று, நிறத்தின் கோளாறு என்று நாம் நினைப்பது குட்டை முடியில் பல தடவை வெட்டின் கோளாறாக இருக்கும். முடி எப்படி விழுகிறதோ அப்படித்தான் அதன் மேல் வெளிச்சமும் விழும். வெட்டு சரியில்லை என்றால் எவ்வளவு பொறுமையாகப் பிரஷ்ஷால் ப்ளீச்சை வரைந்தாலும் நிறம் மேலே ஒட்டவைத்த மாதிரித்தான் தெரியும். அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருத்த உட்காரும் முன் மூன்று வேலை. முடியை முழுசாகக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், ஈர முடியும் மஞ்சள் பல்பும் ஏமாற்றும். அப்புறம் கடந்த இரண்டு வருடத்தில் தலையில் என்னென்ன போட்டார்கள் என்று வாடிக்கையாளரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: மருதாணி, பாக்கெட் டை, ஸ்ட்ரெயிட்டனிங், எல்லாம். "எதுவும் போடலைக்கா" என்பார்கள், "மருதாணி?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் "அது மட்டும் மாசம் ஒரு தடவை" என்று வரும். மருதாணியை யாரும் கலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாவது, நாலைந்து இழையை நனைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் தைரியமாக வேலை பார்க்கலாம்.

"ஆரஞ்சா இருக்குக்கா"

நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முடியின் கருமையை 1 முதல் 10 வரை அளக்கிறோம். 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்நிறம். நம் மக்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். ப்ளீச் போட்டதும் நிறம் நேராகக் கருப்பிலிருந்து பொன்னுக்குத் தாவாது. முதலில் சிவப்பு, 5-ஆம் நிலையில் சிவப்பு கலந்த ஆரஞ்சு, 6-இல் ஆரஞ்சு, 7-இல் மஞ்சளாரஞ்சு, 8-இல் மஞ்சள், 10-இல் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஏறித்தான் ஆக வேண்டும். ஆரஞ்சு வந்தது தப்பு இல்லை, பாதி வழியில் இறங்கிவிட்டோம், அவ்வளவுதான்.

இப்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. வாடிக்கையாளர் கேட்ட நிறத்துக்கு இந்த நிலை போதுமா? காபி, கேரமல் மாதிரி நிறம் கேட்டிருந்தால் 6-ஆம் நிலை போதும். நீலம் கலந்த டோனர் (வெளுத்த முடியின் சாயலை மாற்றும் மெல்லிய கலர்) ஆரஞ்சை அடக்கி நல்ல பழுப்பாக்கிவிடும், திரும்ப ப்ளீச் தேவையே இல்லை. சாம்பல் கலந்த பொன்நிறம் கேட்டிருந்தால் டோனரால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் டோனர் நிறத்தைத் திருப்புமே தவிர வெளுக்காது. ஆரஞ்சின் மேல் ஊதா டோனர் போட்டுவிட்டு "வேலை செய்யலை" என்பவர்கள் நிறையப் பேர். ஊதா மஞ்சளைத்தான் அடக்கும், ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் வெளுக்கத்தான் வேண்டும் என்றால் முடி தாங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு, ஏற்கெனவே வெளுத்த இடத்தில் மட்டும் 20 வால்யூம் டெவலப்பரில் (ப்ளீச் பவுடரோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு) போடுங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. காதோரமும் பிடரியும் தலைத்தோலை ஒட்டியே இருக்கிற குட்டை முடியில் 40-ஐத் தொடவே கூடாது என்பது என் முடிவு. வேகமாக ஏறும்தான், ஆனால் எரிச்சல், கொப்புளம், உடைந்த முடி எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

நம் தோலுக்கும் கண்ணுக்கும் 6, 7 நிலைகளில் வரும் தேன் நிறமும் கேரமலும் எவ்வளவு அழகாக உட்காருகின்றன என்று ஒரு தடவை நிதானமாகக் காட்டிவிட்டால், சாம்பல் பொன்நிறம் கேட்டு வந்தவர்களில் பலர் தாங்களாகவே மனதை மாற்றிக்கொள்கிறார்கள்.

வேர்ப்பக்கம் பளீரென்று, நுனி மந்தமாக

தலைத்தோலின் சூடுதான் காரணம். தோலிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் ப்ளீச் வேகமாக வேலை செய்யும், அதற்கு மேலே மெதுவாக. ஒரு அடி முடியில் இது சின்ன விஷயம். பிக்ஸியில் மொத்த முடியே 5 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்தச் சூட்டுக்குள்தான் இருக்கிறது. பிடரியில் 2 சென்டிமீட்டர்தான் முடி, அங்கே வரையவே வேண்டாம்.

திருத்துவதற்கு நுனியை வெளுக்கப் போகாதீர்கள், வேரை இருட்டாக்குங்கள். அம்மோனியா இல்லாத டெமி கலரை (முடியை வெளுக்காமல், சில வாரங்களில் மங்கிப்போகும் கலர்), அவருடைய இயற்கை நிறத்தைவிட ஒரு படி மட்டும் வெளிராக எடுத்து, வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குப் பிரஷ்ஷால் தட்டித்தட்டி வையுங்கள், பிறகு அகலப் பல் சீப்பால் ஒரே ஒரு தடவை கீழே இழுத்துவிடுங்கள். கோடு தெரியாமல் கலந்துவிடும், முடி வளர்ந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. அடுத்த தடவை நுனியில் முதலில் வரையுங்கள், வேருக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள்.

இப்படிக் கையால் வரையும் முறைக்குப் பலயாஜ் என்று பெயர், அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பெருக்குவது என்றுதான் பொருள். வாசல் பெருக்கும்போது துடைப்பத்தை எடுத்த இடத்தில் லேசாகவும் போகப்போக அழுத்தியும் இழுப்போமே, கை அப்படித்தான் போக வேண்டும். வேர்ப்பக்கம் பிரஷ் முடியைத் தொட்டும் தொடாமல் இறங்கி, நுனியில்தான் கலவை முழுசாக நனைக்க வேண்டும்.

புள்ளி புள்ளியாக, சிறுத்தைத் தோல் மாதிரி

கலவை தண்ணியாக இருந்தது, அல்லது பிரஷ்ஷில் அளவுக்கு மேல் எடுத்திருக்கிறீர்கள், அல்லது வரைந்த பட்டை அடியில் உள்ள வெறும் முடியில் ஒட்டிக்கிடந்தது. திறந்த நிலையில் கையால் வரைவதற்குக் கலவை கெட்டித் தயிர் பதத்தில் நிற்க வேண்டும். பிரஷ்ஷைக் கவிழ்த்தால் சொட்டக் கூடாது. களிமண் கலந்த ப்ளீச் பவுடர் இதற்கென்றே வருகிறது. மேலே மெல்லிய ஓடு மாதிரி காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்து வேலை செய்யும், பக்கத்து முடியிலும் ஒட்டாது. குட்டை முடி எடை இல்லாததால் வரைந்ததும் துள்ளி அடுத்ததன் மேல் விழும், அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் பஞ்சோ கிளிங் ஃபிலிமோ ஒரு துண்டு வைத்துவிடுங்கள். சோம்பல் படாதீர்கள், ஐந்து நிமிட வேலை.

விழுந்த புள்ளிகளைத் திருத்தச் சின்ன ஓவியப் பிரஷ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மஞ்சளாக வெளுத்த புள்ளியின் மேல் சாம்பல் பழுப்பைப் போட்டால் பாசி பிடித்த மாதிரிப் பச்சையடிக்கும், ஏனென்றால் வெளுத்தபோது அந்த முடியில் இருந்த சிவப்பும் ஆரஞ்சும் போய்விட்டன. தங்கமோ செம்போ கலந்த பழுப்பை எடுங்கள், போன செம்மையைத் திருப்பித் தந்த மாதிரி இயல்பாக உட்காரும்.

பட்டை பட்டையாக, வரிக்குதிரை மாதிரி

எல்லாப் பட்டையும் ஒரே அகலம், எல்லாம் ஒரே உயரத்தில் ஆரம்பம். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. பட்டைக்குப் பட்டை உயரத்தை மாற்றுங்கள். வால் சீப்பால் நேர்கோட்டில் பிரிக்காமல் சாய்வாகவோ வளைவாகவோ பிரியுங்கள். திருத்தும்போது இரண்டு பட்டைக்கு நடுவில் நூல் நூலாக நாலைந்து இழை வரைந்தாலே கண் கோட்டைத் தேடுவதை விட்டுவிடும். ஏற்கெனவே வெளிச்சம் அதிகம் என்றால் தலைகீழாக, பட்டைக்குள்ளேயே இருட்டு இழைகளைச் சேருங்கள்.

மேலே வெளுத்திருக்கிறது, சீப்பால் தூக்கினால் அடியில் கருப்பு

பிரஷ் மேல்பரப்பை மட்டும்தான் தடவியிருக்கிறது. நம் முடி அடர்த்தி, அதிலும் பாப் கட்டின் நுனியில் முடி திரண்டு நிற்கும். நுனியை விரலில் பிடித்துக்கொண்டு அடியிலிருந்தும் ஒரு தடவை வரைய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பல பார்லர்களில் பார்க்கிறேன். நாற்காலிக்கு நேர் மேலே சீலிங் ஃபேன்! பத்து நிமிடத்தில் கலவை தூளாகக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த ப்ளீச் வெளுக்காது, இன்னும் ஒரு மணி நேரம் வைத்தாலும் அதே நிறம்தான். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், நாற்காலியையாவது நகர்த்துங்கள், இல்லை கிளிங் ஃபிலிமால் லேசாக மூடுங்கள்.

நடுவில் ஒரு பட்டை மட்டும் ஏறவே இல்லை

பழைய டை. புது வளர்ச்சி வெளுக்கிறது, பாக்கெட் டை ஏறியிருந்த இடம் செங்கல் நிறத்தில் நின்றுவிடுகிறது. கலர் மேல் கலர் போட்டால் நிறம் வெளிராகாது, இருக்கிற கலரை முதலில் எடுக்க வேண்டும். அதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

மருதாணி வேறு கதை. சுத்தமான மருதாணியின் செம்மை முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் ஆரஞ்சு எளிதில் போகாது, மற்றபடி ஆபத்து இல்லை. கடையில் "கருப்பு மருதாணி" என்று விற்பதில்தான் கவனம் வேண்டும். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், ப்ளீச் பட்டதும் அது சூடாகி முடியையே பொசுக்கிவிடும். சந்தேகம் இருந்தால் பிடரியிலிருந்து பத்து இழை வெட்டி, நூலால் கட்டி, கலவைக்குள் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். சூடானாலோ நுரைத்தாலோ தலையில் வைக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். அலர்ஜி சோதனையை 48 மணி நேரம் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

எந்தக் கதையும் இல்லாத முடி வேண்டும் என்றால் பழனியில் மொட்டை போட்டு வளர்க்கிறவர்களிடம் கிடைக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், எட்டு மாதத்தில் 10 சென்டிமீட்டர், அத்தனையும் புது முடி. வேர்ப்பக்கத்துச் சூட்டை மட்டும் கவனித்துக்கொண்டால் ஒரே சீராக வெளுக்கும், வரையவே ஆசையாக இருக்கும்.

வெட்டு: காளான் மாதிரி பொம்மென்று நிற்கிறது

மொட்டை வளர்ந்து வருகிறவர்களுக்கும் பாப் கட்காரர்களுக்கும் பொதுவான புகார் இது. காதுக்கு மேலே தலை மிக அகலம். அந்த இடத்திலேயே முடியின் கனமும் சேர்ந்தால் காளான்தான். இதற்குப் பலரும் எடுப்பது பல் கத்தரி, அதாவது அடர்த்தியைக் குறைக்கச் சீப்பு மாதிரிப் பல் வைத்த கத்தரி. வேருக்குப் பக்கத்தில் பல் கத்தரி போட்டால் அன்றைக்கு லேசாகத் தெரியும், மூன்று நாலு வாரத்தில் உள்ளே வெட்டுப்பட்ட குட்டை இழைகள் முள் மாதிரி வளர்ந்து மேலே உள்ள முடியைத் தூக்கிவிடும், முன்பைவிட அதிகமாகப் பொங்கும். அந்த இழைகளின் நுனியும் வெளுத்திருந்தால் தலை முழுக்க வெள்ளைக் குத்தல்களாகத் தெரியும். ஒரு பெண் கண்ணீரோடு வந்தாள், "அக்கா, கலர் தப்பாயிடுச்சு" என்று. கலர் நன்றாகத்தான் இருந்தது, பல் கத்தரி செய்த வேலை அது.

சாதாரணக் கத்தரியின் முனையை முடிக்கு இணையாகப் பிடித்து, செங்குத்தாகப் பிரித்த பகுதிகளில், நடுவிலிருந்து நுனி வரை மட்டும் கொத்திக்கொத்திக் கனத்தைக் குறையுங்கள். வேர்ப்பக்கம் கை போக வேண்டாம். அவசரமில்லாமல், கொஞ்சம் வெட்டி, உதறி, தள்ளி நின்று பார்த்து, திரும்ப வெட்டுங்கள்.

ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை

கத்தரியைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். கால் மேல் கால் போட்டால் தோள் சாய்ந்துவிடும். காதை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள், பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. வாயின் ஓரம், தாடை நுனி இரண்டும்தான் நம்பிக்கையான அளவு. வகிடு பக்கவாட்டில் இருந்தால் ஒரு பக்கத்து முடி தலையைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் அந்தப் பக்கம் குட்டையாகத் தெரியும், எனவே அவர் வழக்கமாக எடுக்கும் வகிட்டிலேயே வெட்டுங்கள். திருத்தும்போது எழுந்து நிற்கச் சொல்லி, முடி காய்ந்த பிறகு, நீளமான பக்கத்தில் மட்டும் கை வையுங்கள்.

நெற்றி முடி எகிறிவிட்டது, சுழி முடி எழுந்து நிற்கிறது

ஈரமாக இருக்கும்போது இழுத்து வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறும், சுருள் முடியில் இன்னும் அதிகம். ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, காய்ந்த பிறகு முடியுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டால் நடுவை விட்டு ஓரங்களைச் சாய்வாகக் குறைத்துப் பக்கமாகத் தள்ளி வாருங்கள், ஒரு மாதத்தில் சரியாகும்.

உச்சியில் சுழி உள்ளவர்களுக்கு, அதுவும் இரட்டைச் சுழி என்றால், நடுத்தர நீளம்தான் எதிரி. ஒன்று தானாகப் படுக்கிற அளவுக்குக் கனம் விடுங்கள், அல்லது ஒரேயடியாகக் குட்டையாக்குங்கள். பிடரியில் மேல்நோக்கி வளரும் முடிக்கும் இதே பதில். சுழியின் மேல் அடர்த்தியாக ஹைலைட்ஸ் வரையாதீர்கள், அந்த இடம் முடி கொட்டின மாதிரித் தெரியும்.

நிறம் நன்றாக வந்தது, ஆனால் தெரியவே இல்லை

வரிசை தப்பிவிட்டது. முதலில் வரைந்து பிறகு வெட்டினால், பிரகாசமான நுனிதான் தரையில் கிடக்கும். 6 சென்டிமீட்டர் முடியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டுவது ஆறில் ஒரு பங்கு, அதுவும் நன்றாக வெளுத்த பங்கு. நான் செய்கிற முறை: முக்கால்வாசி வெட்டை முதலில் முடித்துவிடுவேன், காயவைத்து, தலையை உதறச் சொல்லி, முடி தானாக எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே வரைவேன். அலசி, டோனர் போட்டு, காய்ந்த பிறகு மிச்ச வெட்டு, கத்தரி முனையால் மட்டும். பிக்ஸியில் நெற்றியோரமும் உச்சி நுனிகளும் போதும். பாப் கட்டில் முகத்தை ஒட்டிய இரண்டு பக்கமும், மேலே விழும் அடுக்கின் கீழ்ப்பாதியும். அடி அடுக்கில் வரைந்தால் அவர் தலையை அசைத்தால்தான் தெரியும். சிலருக்கு, அலுவலகத்துக்காக, அதுவே வேண்டும். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தில் ரப்பர் மாதிரி இழுபடுகிறது

நிறுத்துங்கள். டோனர், ஸ்ட்ரெயிட்டனர், ப்ளீச் எதுவும் வேண்டாம். நனைத்த இழை இழுத்தால் நீண்டுகொண்டே போய் திரும்பவில்லை, தொட்டால் வழவழ என்றிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் பிணைப்பு உடைந்துவிட்டது. எந்த ட்ரீட்மென்ட்டும் அதைப் பழைய முடியாக்காது, உடைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். குட்டை முடிக்காரர்களுக்கு இங்கே ஒரு ஆறுதல் உண்டு, மூன்று நாலு மாதத்தில் சேதமான நுனியை முழுசாக வெட்டிவிட முடியும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் பித்தளை நிறம், அல்லது பச்சை

போர்வெல் தண்ணீர். கால்சியமும் இரும்பும் வெளுத்த முடியில் படியும், வெளுத்த முடி பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். உப்புப் படிவை எடுக்கும் கீலேட்டிங் ஷாம்பு மாதம் ஒரு தடவை, கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீர். ஆரஞ்சு ஏறினால் நீல ஷாம்பு, மஞ்சள் ஏறினால் ஊதா, வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வெறும் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைக்கலாம், கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெயை வெளுத்த இடத்தில் தடவாதீர்கள், சாயம் பிடிக்கும்.

நீச்சல் குளத்துக்குப் போய்ப் பச்சையானால் காரணம் தண்ணீரில் இருக்கும் தாமிரம். அதற்கும் அதே கீலேட்டிங் ஷாம்புதான். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலையை நன்றாக நனைத்து, கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஏற்கெனவே நல்ல தண்ணீர் குடித்த முடி குளத்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது.